உதவி தேவை: வண்டிப்பாதை, ஓடை, அகழி ஓரம் – எக்ஸ்பல்ஸில் எதுவரை போகலாம்?

செம்மண்_சக்கரம் (கேள்வி)

வணக்கம். வண்டி 2023 ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூணும் நடப்புல இருக்கு. ஓட்டுற இடம் கோவைக்கு மேற்கே, தொண்டாமுத்தூர் தாண்டின மலையடிவாரம். ஞாயிறு காலையில ஆறு வண்டி போகும். ரூட்: ஊர்த் தார்ரோட்டிலிருந்து பிரியுற மண்பாதை ஒன்றரை கிலோமீட்டர், ஒரு தென்னந்தோப்புக்கு நடுவே கொஞ்ச தூரம், வறண்ட ஓடை, கடைசியா யானை அகழியை (யானை ஊருக்குள்ள வராம இருக்க காட்டோரம் வெட்டின பள்ளம்) ஒட்டின தடம். போன வாரம் அகழி ஓரத்துல வனத்துறைக்காரர் ஒருத்தர் நிறுத்தி, ஆறு நம்பரையும் குறிச்சுக்கிட்டு, "இனி இந்தப் பக்கம் வராதீங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டார்.

கேட்க வேண்டியது:
1. இந்த நாலு துண்டுல எது சட்டப்படி சரி, எது தப்பு? வீட்டிலிருந்தே எப்படிக் கண்டுபிடிக்கிறது?
2. கூட வர்ற ஒருத்தர் பழைய கவாசாகி கேஎக்ஸ் 250 (மோட்டோகிராஸ் பந்தய வண்டி) வாங்கப் பார்க்கிறார். ஆர்சியே கிடையாது. "காட்டுலதானே ஓட்டுறோம், ரோட்டுக்கு வரலையே"ங்கிறார். செல்லுமா?
3. என் வண்டியில சைலன்சர் மாத்தி, இண்டிகேட்டரைக் கழட்டி, பின் மட்கார்டை வெட்டியிருக்கேன். பிரச்சினை வருமா?

லோ_கியர்

கூகுள் மேப்ல கோடு இருந்தா அது ரோடுதான் ப்ரோ. கவலைப்படாதீங்க.

சங்கிலி_அளவு

மேலே உள்ள பதிலை நம்பிப் போய்விடாதீர்கள். மேப்பில் தெரியும் கோடு அங்கே ஒரு தடம் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. அது யாருடைய மண், யார் போகலாம் என்று சொல்லாது. ஆட்டுத்தடம், தோட்டத்து டிராக்டர் தடம், வனத்துறை ரோந்துத் தடம் எல்லாமே அதில் ஒரே மாதிரிதான் தெரியும். சக்கரத்துக்கு அடியில் என்ன சர்வே எண் என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிப்பது அரை மணி நேர வேலை.

முதலில் தமிழக அரசின் டிஎன்ஜிஐஎஸ் வரைபடத் தளத்தைத் திறந்து, உங்கள் ஜிபிஎஸ் தடத்தில் 200 மீட்டருக்கு ஒரு புள்ளியாகத் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் கிராமம், சர்வே எண், உட்பிரிவு கிடைக்கும். அந்த எண்களோடு அரசின் இ-சர்வீசஸ் தளத்துக்குப் போய் அ-பதிவேட்டைப் பாருங்கள். நிலம் பட்டாவா புறம்போக்கா, புறம்போக்கு என்றால் என்ன வகை என்று அதில் இருக்கும். வகையைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். பாதை, வண்டிப்பாதை என்று இருந்தால் பொதுவழி, தாராளமாகப் போகலாம். ஓடை, வாய்க்கால், ஏரி என்றால் நீர்நிலை. மேய்ச்சல், களம், மந்தை, மயானம் என்றால் அரசு நிலம்தான், ஆனால் ஊரின் பயன்பாட்டுக்கு ஒதுக்கியது. அங்கே ஆறு வண்டி சுற்றினால் ஊர்க்காரர்கள் கேட்கத்தான் செய்வார்கள். காப்புக்காடு (வனச் சட்டப்படி அரசு அறிவித்த காடு) என்று இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

ஒரு இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வண்டிப்பாதை இரண்டு வகை. ஒன்றுக்குத் தனி சர்வே எண்ணோ உட்பிரிவோ இருக்கும், அ-பதிவேட்டில் புறம்போக்கு என்று வரும்; இது எல்லாருக்கும் பொது. மற்றது பட்டா எண்ணுக்கு உள்ளேயே, புலப்படத்தில் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) விட்டுவிட்டு வரும் இரட்டைக்கோடாக மட்டும் இருக்கும். அந்த மண் பட்டாதாரருடையது. பின்னால் நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கு அதில் வழியுரிமை இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை டர்ட் ஓட்ட வருபவருக்குக் கிடையாது. தரையில் பார்த்தால் இரண்டும் ஒரே செம்மண், ஒரே மாட்டுவண்டித் தடம். வித்தியாசம் காகிதத்தில் மட்டும்தான். அதனால் அ-பதிவேட்டோடு நிறுத்தாமல் புலப்படத்தையும் எடுத்துப் பாருங்கள். கிராம வரைபடம் முழுசாக வேண்டுமென்றால் விஏஓ அலுவலகத்தில் கேளுங்கள்.

இன்னொன்று. மரத்தடியில் போன் ஜிபிஎஸ் ஐந்து பத்து மீட்டர் தள்ளிக் காட்டும். தோப்பு நடுவில் அது பெரிய விஷயமில்லை. காட்டு எல்லையில் அந்தப் பத்து மீட்டரை நம்பி வாதாடாதீர்கள்.

அகழிக்கு_இந்தப்பக்கம்

காட்டுப் பக்கத்தை மட்டும் நான் சொல்றேன்.

அகழிதான் எல்லைன்னு பலர் நினைக்கிறாங்க. எல்லையைக் காட்டுறது எல்லைக்கல். அகழி வெட்டும்போது எல்லைக்கு உள்ளே தள்ளித்தான் பல இடத்துல வெட்டியிருப்பாங்க. அப்படியிருந்தா அகழிக்கு வெளியே, தோட்டத்தை ஒட்டி இருக்கிற ரோந்துத் தடமும் காப்புக்காடுதான். அதனால "அகழியைத் தாண்டவே இல்லை சார்"ங்கிற பதில் எடுபடாது. அனுமதியில்லாம காப்புக்காட்டுக்குள்ள போறதே 1882 தமிழ்நாடு வனச் சட்டம் 21-வது பிரிவுல குற்றம். மரம் வெட்டினாத்தான் குற்றம்னு இல்லை.

அந்தக் காடு சரணாலயமோ தேசியப் பூங்காவோ ஆகிட்டா கதை வேற. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 27-வது பிரிவு யார் யார் உள்ளே போகலாம்னு எண்ணிச் சொல்லுது. அதுல உங்களுக்குப் பொருந்துறது ஒண்ணே ஒண்ணு: பொது நெடுஞ்சாலை வழியாக் கடந்து போறவர். அதாவது முதுமலைக்குள்ள போற தெப்பக்காடு ரோட்டுல நேராப் போகலாம்; அதே ரோட்டிலிருந்து பத்தடி இறங்கி மண்ணுல ஓட்டினா அந்த விலக்கு போச்சு. 51-வது பிரிவுல மூணு வருஷம் வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் வரை அபராதம். அதை விடப் பெருசா வலிக்கிறது 39-வது பிரிவு: குற்றத்துக்குப் பயன்படுத்தின வாகனம் பறிமுதல் ஆனா அரசு சொத்தாகிடும். வழக்கு இல்லாம சமரசத் தொகை கட்டி முடிக்கலாம்னாலும், அதன் உச்சவரம்பு இப்போ 5 லட்சம். முன்னாடி 25,000.

"மலையேற்றத்துக்கு அனுமதி தர்றாங்களே"ன்னு அடுத்து கேப்பீங்க. 2018 மார்ச் குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு விதிகள் வந்துச்சு, 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு' 40 பாதையோட ஆரம்பிச்சாங்க. எல்லாம் கால்நடையாப் போறவங்களுக்கு. அந்த டிக்கெட்டைக் காட்டி வண்டியை உள்ளே விட முடியாது.

வண்டிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடின்னா, ரெண்டு காரணம். எக்ஸ்பல்ஸ் ஹெடர் பைப்புக்கும் (இன்ஜினிலிருந்து வர்ற சூடான புகைக்குழாய்) பேஷ் பிளேட்டுக்கும் (இன்ஜினுக்கு அடியில இருக்கிற காப்புத் தகடு) நடுவே காய்ஞ்ச புல் போய்ச் சுருட்டிக்கும். நின்னவுடனே அது கருகி, கீழே விழுந்து புகையும். பிப்ரவரியில அந்த ஒரு பிடி புல் போதும். ரெண்டாவது, இன்ஜின் சத்தத்துல முன்னாடி யானை நிக்கிறது உங்களுக்குக் கேட்காது. யானைக்கு உங்க சத்தம் ஒரு கிலோமீட்டர் முன்னாடியே கேட்டிருக்கும்.

கேள்விக்கு_கேள்வி

அப்போ தேரிக்காடு? எல்லாரும் வீடியோ போடுறாங்களே, செம்மணல் மேடு, மரமே கிடையாது.

அகழிக்கு_இந்தப்பக்கம்

மரம் இருக்கா இல்லையான்னு பார்த்து காட்டை முடிவு பண்ணாதீங்க. தூத்துக்குடி மாவட்டத்துல குதிரைமொழித் தேரியே காப்புக்காடுதான். கடற்கரை மணல்மேடும் அப்படித்தான், கடலோர ஒழுங்காற்று மண்டல விதியில உச்சப் பாதுகாப்பு உள்ள வகை. வீடியோ போட்டவர்கிட்ட அனுமதிக் கடிதம் இருந்துச்சான்னு வீடியோவுல தெரியாது.

ஆர்சி_புக்

2, 3-வது கேள்விகளுக்கு என் பதில்.

ஆர்சி இல்லாத கேஎக்ஸ்: உங்கள் நண்பர் சொல்வதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-வது பிரிவே அடித்துவிடுகிறது. பதிவு இல்லாத மோட்டார் வாகனத்தை "பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ" ஓட்டக்கூடாது என்பது அதன் வாசகம். லைசென்ஸ் (3-வது பிரிவு), இன்சூரன்ஸ் (146) இரண்டும் பொது இடத்தோடு நிற்கின்றன. பதிவு மட்டும் அப்படி நிற்கவில்லை. பொது இடம் என்பதற்கும் சட்டத்தில் விரிந்த பொருள்: பொதுமக்களுக்குப் போகும் உரிமை உள்ள எந்த இடமும் அதில் அடங்கும், தார் போட்டிருக்க வேண்டியதில்லை. ஆக, புறம்போக்கு வண்டிப்பாதையும் பொது இடம்தான்.

ஒரே சந்து அதே சட்டத்தின் 2(28)-வது பிரிவில் உள்ள விலக்கு: அடைத்த வளாகத்துக்குள் மட்டும் பயன்படும்படி அமைந்த விசேஷ வாகனம் மோட்டார் வாகனமாகக் கணக்காகாது. மோட்டோகிராஸ் வண்டியை வேலி போட்ட டிராக்கில் மட்டும் ஓட்டுபவர் அதன் கீழ் வாதாடலாம். ஓடையில் ஓட்டுபவரால் முடியாது. மாட்டினால் 192-வது பிரிவு: முதல் தடவை 2,000 முதல் 5,000 வரை, மறுபடியும் என்றால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 5,000 முதல் 10,000 வரை. அபராதம் கிடக்கட்டும், யாராவது அடிபட்டால் இன்சூரன்ஸ் என்று ஒன்றே இல்லை, முழு இழப்பீடும் சொந்தப் பணம். அதை வாங்கினால் டாடா ஏஸில் ஏற்றிக் கொண்டுபோய், கோலார் அருகே உள்ள மாதிரியான டர்ட் பார்க்கில் இறக்கி ஓட்டி, திரும்ப ஏற்றி வரவேண்டும். தள்ளிக்கொண்டுகூட ரோட்டைக் கடக்காதீர்கள், வீண் வாக்குவாதம்.

உங்கள் வண்டி: நீங்கள் மாற்றிய மூன்றும் மூன்று தரம். சைலன்சர்தான் பெரிய தலைவலி. 52-வது பிரிவு தயாரிப்பாளர் குறிப்புக்கு மாறாக மாற்றக்கூடாது என்கிறது, 182ஏ(4) ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. இதோடு புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கழற்றியிருந்தால் 190(2), 10,000 வரை. (இவை சட்டத்தில் உள்ள உச்சம். ரோட்டில் கட்டும் தொகை மாநில அரசாணைப்படி.) இண்டிகேட்டர் இல்லாதது சின்ன அபராதம், ஆனால் அதைப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள், நிறுத்தினால் மற்றதும் தெரியும். பழையபடி மாட்டிவிடுங்கள், வளையும் ரப்பர் தண்டு உள்ளது கிடைக்கும், விழுந்தாலும் உடையாது.

மட்கார்டை வெட்டியதில் உண்மையான சிக்கல் நம்பர் பிளேட். எச்எஸ்ஆர்பி (அரசு கட்டாயமாக்கிய உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்) மெல்லிய அலுமினியம். கல்பாதையில் அதிர்ந்து அதிர்ந்து ஸ்னாப் லாக் துளையைச் சுற்றி விரிசல் விட்டு, ஒரு நாள் ஓடையில் விழுந்துவிடும். புதுசுக்குப் போலீஸ் புகார், மறு விண்ணப்பம் என்று அலைய வேண்டும். பின்னால் 2 மிமீ இரும்புத் தகடு வைத்து, நடுவில் ரப்பர் வாஷர் கொடுத்து, தகட்டை எம்6 நைலாக் (அதிர்வில் கழலாத) நட்டில் பிடியுங்கள். பிளேட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டுவது இருப்பதிலேயே மோசமான யோசனை. அது மறைக்கும் நோக்கமாகத்தான் பார்க்கப்படும்.

ஹேண்ட் கார்டு, பேஷ் பிளேட் பற்றிப் பயப்பட வேண்டாம். டயர் 90/90-21, 120/80-18 அளவிலேயே முள் டயர் போடலாம். மண்ணுக்காகக் காற்றை 18–20 பிஎஸ்ஐக்குக் கீழே இறக்காதீர்கள், ட்யூப் கல்லில் நசுங்கி இரட்டைத் துளை விழும். தார்ரோடு வந்ததும் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.

இன்சூரன்ஸ் பத்திரத்தில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பத்தியைப் படியுங்கள்: பந்தயம், வேகச் சோதனை, ரிலையபிலிட்டி ட்ரயல் சேராது. நேரம் வைத்து ஓட்டி, வீடியோவுக்கு 'ரேஸ்' என்று தலைப்புப் போட்டால் நிராகரிக்கக் காரணத்தை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. பொதுப் பாதையில் அனுமதியில்லாத பந்தயம் 189-வது பிரிவில் தனிக் குற்றமும்கூட.

சங்கிலி_அளவு

தோப்பையும் ஓடையையும் விட்டுவிட்டோம். பட்டா நிலத்தில் "அண்ணன் போய்க்கச் சொன்னாருங்க" என்பது போதாது. கூட்டுப் பட்டாவா பாருங்கள். அண்ணன் சரி என்பார், தம்பி சண்டைக்கு வருவார். குத்தகைக்கு விட்டிருந்தால் அனுபவத்தில் இருக்கும் குத்தகைக்காரரிடம்தான் கேட்க வேண்டும். ஒரு தாளில் சர்வே எண், தேதி, நேரம், வண்டி எண்ணிக்கை, எந்த ஓரமாகப் போவோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வெறுமனே நுழைவது உரிமையியல் வழக்கு மட்டும்தான். தொந்தரவு செய்யும், மிரட்டும் நோக்கம் சேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 329-இல் குற்ற அத்துமீறல், மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 வரை அபராதம். போகச் சொன்ன பிறகும் நின்று வாய் பேசினால் அந்த நோக்கத்தை எளிதாகக் காட்டிவிடலாம்.

தென்னந்தோப்பில் கவனிக்க வேண்டியது சொட்டுநீர்க் குழாய். 16 மிமீ கறுப்புக் குழாய், மட்டைக்கு அடியில் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. முள் டயர் ஏறினால் அப்போது ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும். சாயங்காலம் மோட்டார் போட்டதும் பீய்ச்சும். தோட்டக்காரர் பாதையை மூடுவது பெரும்பாலும் இதனால்தான்.

ஓடையைக் குறுக்கே கடப்பது வேறு, ஓடைக்குள்ளேயே நீளவாக்கில் ஓட்டுவது வேறு. பாதை கடக்கும் இடத்தில் மட்டும் கடந்துவிடுங்கள். கரைமேல் ஏறவே ஏறாதீர்கள். டயர் கிழித்த தடத்தில் முதல் மழை ஓடி, அது வாய்க்காலாகி, கரை அங்கேதான் உடையும். பாசன அமைப்பைச் சேதப்படுத்தி நீர் குறைய வைப்பது சன்ஹிதா 326-இல் ஐந்து வருடம் வரை.

செம்மண்_சக்கரம்

பார்த்துட்டேன், நன்றி. மண்பாதையில முதல் 900 மீட்டர் தனி உட்பிரிவு, வண்டிப்பாதைப் புறம்போக்கு. மீதி 600 மீட்டர் பட்டாவுக்குள்ள இரட்டைக்கோடு, கூட்டுப் பட்டா, நாலு பேர். அகழித் தடம் முழுக்கக் காப்புக்காடு. நம்பர் குறிச்சது என்ன ஆகும்? இ-செலான்ல ஒண்ணும் காட்டலை.

அகழிக்கு_இந்தப்பக்கம்

இ-செலான்ல காட்டாது. அது போக்குவரத்து, போலீஸ் வழக்குக்கு. வனக் குற்றம் சரக அலுவலகத்துப் பதிவேட்டுல இருக்கும். நம்பரைக் குறிச்சாலே வழக்குன்னு அர்த்தமில்லை. ஆனா அடுத்த தடவை அதே நம்பர் வந்தா, தெரியாம வந்துட்டோம்னு சொல்ல முடியாது. வேலை நாள்ல ஒருத்தர் மட்டும், வண்டி இல்லாம, சரக அலுவலகம் போய் எல்லைக்கல் எங்கே இருக்குன்னு கேளுங்க. பணம் கட்டச் சொன்னா ரசீது வாங்காமக் கட்டாதீங்க.

சங்கிலி_அளவு

நாலு பேரில் ஊரில் இருப்பவர் யார் என்று விஏஓவிடம் கேட்டுவிட்டு அவரிடமிருந்து ஆரம்பியுங்கள். அந்த 600 மீட்டருக்குக் கையெழுத்து கிடைக்கும்வரை 900-வது மீட்டரில் திரும்பிவிடுங்கள். புலப்படத்தில் அந்த உட்பிரிவு முடியும் இடத்துக்கு அளவு போட்டிருக்கும், அங்கே ஒரு பின் குத்தி ஆறு பேர் போனிலும் போட்டுக்கொள்ளுங்கள்.