நியூரம்பெர்க்கில் ஒன்றரை நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கண்டனூர்க்காரன்:

தம்பி மியூனிக்கில் வேலையில் இருக்கிறான். மே கடைசியில் அப்பச்சியையும் ஆத்தாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். மியூனிக்கை அவன் பார்த்துக்கொள்வான். நடுவில் ஒன்றரை நாள் நியூரம்பெர்க், ஒரு இரவு அங்கே தங்கல் என்று பேசி வைத்திருக்கிறோம். தேடிப் பார்த்தால் கோட்டை, சர்ச், அருங்காட்சியகம் என்று வந்துகொண்டே இருக்கிறது, எல்லாமே "கட்டாயம் பார்க்க வேண்டியது" என்கிறார்கள். ஆத்தாவுக்கு முழங்கால் வலி, மேடு ஏறினால் மறுநாள் எழுந்திருக்க மாட்டார்கள். முட்டைகூடச் சேர்க்காத சைவம் வேறு. அப்பச்சிக்கு ரயிலைக் காட்டினால் போதும், சோறே வேண்டாம். எனக்குப் பழைய கட்டடங்கள். மூன்று பேருக்கும் ஒத்துவருகிற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.

எர்லாங்கன்வாசி:

அண்ணே, எனக்குத் தேவகோட்டை. இப்போது நியூரம்பெர்க்குக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக்காட்டும் வேலை என் தலையில்தான் விழும்.

முதலில் டிக்கெட். பயர்ன் டிக்கெட் என்று ஒன்று உண்டு, ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் நாள் முழுக்கப் போகலாம், ஊருக்குள் ஓடும் பஸ், டிராம், மெட்ரோ எல்லாம் அதிலேயே அடக்கம். ஆனால் அதிவேக ரயிலில் செல்லாது, வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். மியூனிக்கில் 9 மணிக்கு மேல் கிளம்பும் சாதாரண ரயிலைப் பிடித்தால் ரொம்பத் தாமதமாகாமல் வந்துவிடலாம். ஸ்டேஷனிலிருந்து எதிரே பழைய ஊருக்குள் நேராக நடங்கள், சமதரைதான், ஆத்தா நடந்துவிடுவார்கள். வழியில் லோரென்ஸ் சர்ச் வரும். அதை விடாதீர்கள். உள்ளே ஆடம் கிராஃப்ட் என்ற சிற்பி 1490களில் செய்த நற்கருணைப் பேழைக் கோபுரம் (பூசை அப்பத்தை வைக்கும் இடம்) இருக்கிறது, 20 மீட்டர் உயரம், உச்சி கூரையை முட்டி வளைந்திருக்கும், அவ்வளவும் கல். அதை மேலே பார்க்காதீர்கள், கீழே பாருங்கள். ஒரு தாடிக்காரர் கையில் உளியும் சுத்தியலுமாக முட்டி போட்டு, கோபுரத்தை முதுகில் தாங்கிக்கொண்டிருப்பார். சிற்பி தன்னையே செதுக்கி வைத்துக்கொண்டது அது. நம் ஊர்க் கோயில் ஸ்தபதி யாராவது இப்படித் துணிந்திருப்பாரா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

அங்கிருந்து ஆற்றுப் பாலம் தாண்டினால் ஹௌப்ட்மார்க்ட் சந்தைச் சதுக்கம். 12 மணி அடிக்கும்போது அங்கே நிற்க வேண்டும். ஃப்ராவன்கிர்ஷே சர்ச் முகப்பில் ஒரு கடிகாரம், 1509இல் வைத்தது. நான்காம் கார்ல் பேரரசர் நடுவில் உட்கார்ந்திருக்க, மன்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஏழு பேரும் அவரை மூன்று சுற்றுச் சுற்றி வருவார்கள், கொலுப் பொம்மைக்கு உயிர் வந்த மாதிரி. 1356இல் அவர் போட்ட சட்டத்தின் நினைவாக வைத்தது. எதிரே ஷோனர் ப்ரூனன், 14ஆம் நூற்றாண்டு நீரூற்றின் நகல், அதன் கம்பி வேலியில் ஒரு வளையத்தைத் திருப்பி வேண்டிக்கொள்வார்கள். வரிசை இருந்தால் விட்டுவிடுங்கள்.

சாப்பாடு: இது தொத்திறைச்சிக்குப் பேர்போன ஊர், சதுக்கம் முழுக்கப் புகை வாசம்தான், ஆத்தாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நீங்கள் வருவது வெள்ளை அஸ்பாரகஸ் என்ற தண்டுக் காய்கறிக் காலம், ஜூன் 24 வரை கிடைக்கும். பன்றி இறைச்சி வேண்டாம், முட்டை சேர்ந்த சாஸும் வேண்டாம், உருக்கிய வெண்ணெயும் உருளைக்கிழங்கும் போதும் என்று தெளிவாகச் சொல்லி வாங்குங்கள். லெப்கூகன் என்கிற மசாலா கேக் பார்த்தால் ஆசையாக இருக்கும், பெரும்பாலும் முட்டை சேர்த்தது.

ரயில்சிநேகிதன்:

அப்பச்சியை ஜெர்மன் ரயில்வேயின் டிபி அருங்காட்சியகத்தில் விட்டுவிட்டு நீங்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். ஜெர்மனியில் நீராவி எஞ்சின் இழுத்த முதல் பயணிகள் ரயில் 1835 டிசம்பர் 7 அன்று இங்கிருந்து பக்கத்து ஊர் ஃப்யூர்த்துக்கு ஓடியது, ஆறு கிலோமீட்டர்தான். எஞ்சின் பெயர் ஆட்லர், இங்கிலாந்தில் ஸ்டீபன்சன் பட்டறையில் செய்து வந்தது. அசல் இப்போது இல்லை, அதே மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். அடுத்த வருடம் அதில் போன முதல் சரக்கு என்ன தெரியுமா? இரண்டு பீப்பாய் பீர்!

வளவுத்தூண்:

எல்லோரும் சொல்லாமல் விடுவதை நான் சொல்கிறேன். 1945 ஜனவரி 2 குண்டுவீச்சில் அந்தப் பழைய ஊரில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. இப்போது நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி அதற்குப் பிறகு எழுப்பியது. பழைய கட்டடம்தான் வேண்டும் என்றால் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாம்பெர்க் போங்கள், போரில் அதிகம் அடிபடாத ஊர், யுனெஸ்கோ 1993இலேயே பட்டியலில் சேர்த்துவிட்டது, ஆற்றுக்கு நடுவே பாலத்தின் மேல் பழைய நகர மண்டபம் நிற்கும். புதுசைப் பழசு என்று பார்க்க இவ்வளவு தூரம் எதற்கு?

முகப்புத்திண்ணை:

வளவுத்தூண் சொல்வதில் தகவல் சரி, முடிவுதான் சரியில்லை. நான் கானாடுகாத்தானில் பயணிகளுக்கு வீடு காட்டும் வேலை செய்கிறவள், நியூரம்பெர்க்கையும் பார்த்திருக்கிறேன். குண்டு விழும் என்று தெரிந்ததும் அங்கே கோட்டைக் குன்றுக்கு அடியில், பாறையில் குடைந்த பழைய பீர் நிலவறைகளைக் கலைப்பொருள் காப்பறையாக்கி, ஈரம் ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். லோரென்ஸ் சர்ச்சில் கூரையிலிருந்து தொங்கும் மங்கள வார்த்தைச் சிற்பம் (மரியாளிடம் தேவதூதர் சேதி சொல்லும் காட்சி), சிற்பி ஃபைட் ஷ்டோஸ் 1518இல் முடித்தது, அப்படித்தான் பிழைத்தது. இடிந்து கிடந்த ஊரைப் பழைய தெரு வாகு மாறாமல் திரும்ப எழுப்பினார்கள். நம் பக்கம் ஒரு குண்டும் விழவில்லை. பங்காளிகள் கையெழுத்துப் போட்டதும் பர்மாத் தேக்குத் தூணையும் நிலையையும் தனித்தனியாகக் கழற்றி, காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் நிறுத்திவிடுகிறோம். எது அசல் என்று நாம் பாடம் எடுப்பதற்கு முன் அந்தத் தெருவில் ஒரு நடை நடந்து வரலாம்.

அண்ணே, பெருமையை மட்டும் பார்க்காதீர்கள் என்றும் சொல்வேன். மேலே சொன்ன ஃப்ராவன்கிர்ஷே நிற்கும் இடத்தில் முன்பு யூதர்களின் தொழுகைக் கூடம் இருந்தது. 1349இல் அந்தக் குடியிருப்பை அழித்து 500க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றுதான் சந்தையும் சர்ச்சும் வந்தன, அனுமதி கொடுத்தது அதே நான்காம் கார்ல். பொம்மைகள் சுற்றும்போது இதையும் அப்பச்சியிடம் சொல்லுங்கள்.

கோட்டை உச்சிக்கு ஆத்தா வேண்டாம். டியர்கார்ட்னர்டோர் வரை டிராம் போகிறது, இறங்கி மதில் வாசலுக்குள் நுழைந்தால் எதிரே ஓவியர் ட்யூரர் வீடு. உள்ளே மாடிப்படிகள் உண்டு, அதனால் ஆத்தாவை வெளியே காபிக் கடையில் உட்கார வையுங்கள், அந்த மரச்சட்ட வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாலே பொழுது போகும். ட்யூரர் 1509இலிருந்து 1528இல் சாகும் வரை இருந்த வீடு. 1515இல் அவர் மரத்தில் வெட்டி அச்சடித்த காண்டாமிருகம் நம் நாட்டு மிருகம், குஜராத் சுல்தான் கொடுத்து, கோவாவிலிருந்து கப்பலேறி லிஸ்பன் போனது. மனிதர் அதைக் கண்ணால் பார்க்கவே இல்லை, வந்து சேர்ந்த ஓவியத்தையும் வர்ணனையையும் வைத்து வரைந்தார். தோளில் இல்லாத ஒரு குட்டிக் கொம்பையும் வைத்துவிட்டார்! நேரம் மிஞ்சினால் தேசிய அருங்காட்சியகத்தில் பெஹைம் உருண்டை, 1490களில் செய்த பூகோளம், இன்றிருப்பவற்றில் அதுதான் பழையது. அமெரிக்கா அதில் இல்லை. மிளகும் கிராம்பும் எத்தனை கை மாறி எப்படி விலை ஏறுகிறது என்று அதிலேயே எழுதியிருக்கிறது, கொண்டுவிற்ற நம் வணிக வம்சத்துக்கு அதுவே போதும்.

கண்டனூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பாம்பெர்க்கை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்கிறேன். முதல் நாள் லோரென்ஸ், 12 மணிக் கடிகாரம், ட்யூரர் வீடு, அப்பச்சிக்கு ரயில். மறுநாள் பாதி நாளில் நாஜித் தலைவர்கள் மீதான போர்க்குற்ற விசாரணை நடந்த கோர்ட் அறையைப் பார்க்க நினைக்கிறேன். அது செவ்வாய்க்கிழமை, பரவாயில்லையா?

எர்லாங்கன்வாசி:

செவ்வாய் விடுமுறை அண்ணே, ஒரு நாள் தள்ளி வையுங்கள். 600ஆம் அறை அது, மெட்ரோவில் பேரன்ஷான்ட்சே நிறுத்தம். 1945 நவம்பரிலிருந்து 1946 அக்டோபர் வரை நடந்த வழக்கு, நாலு மொழியில் உடனுக்குடன் மொழிபெயர்த்து ஹெட்ஃபோனில் கேட்டார்கள். அறையில் இருக்கும் பெஞ்சில் உட்காரலாம், ஆத்தாவுக்கும் கால் வலிக்காது. பெரிய பையை எடுத்துவராதீர்கள், ஸ்டேஷன் லாக்கரில் போட்டுவிட்டு வாருங்கள்.