கிட் கார்: கழற்றிய பேனல்கள் திரும்பப் பொருந்தவில்லை

கேள்வி (வெள்ளவத்தை)

வணக்கம். நானும் அப்பாவும் வீட்டிலேயே கட்டிய லோட்டஸ் செவன் (பழைய ஆங்கிலேயச் சிறு ஸ்போர்ட்ஸ் கார்) மாதிரிக் கார் இது. சட்டம் இரும்புக் குழாய், பக்கத் தகடுகள் அலுமினியம், மூக்கும் மட்கார்டுகளும் ஃபைபர். சட்டத்தில் துரு ஏறியதால் எல்லாவற்றையும் கழற்றி, சுரண்டி, புதிதாகப் பெயிண்ட் அடித்தேன். அதற்கே ஒன்பது மாதம் போய்விட்டது. இப்போது பூட்டப் பார்த்தால் பொனெட் இடப்பக்கம் மூக்கோடு சரியாக உட்காருகிறது, வலப்பக்கம் 6 மில்லிமீட்டர் எழும்பி நிற்கிறது. பின் மட்கார்ட் ஒன்றில் நாலு துளைக்கு இரண்டுதான் நேருக்கு வருகின்றன. துளையைப் பெரிதாக்கிப் பூட்டச் சொல்கிறார் எங்கள் டிங்கரிங் பாஸ். அப்பா அளந்து அளந்து போட்ட துளைகள் அவை, எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி உண்டா?

பதில் (தெஹிவளை)

தம்பி, ட்ரில்லைத் தொடவே வேண்டாம். வண்டி இப்போது ஸ்டாண்டில் நிற்கிறதா, சக்கரத்தில் நிற்கிறதா? 1957இல் வந்த அந்த முதல் செவனிலிருந்தே இந்த வகைச் சட்டம் எடை குறைவாக இருக்கத்தான் செய்தது, முறுக்குக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். நாலு ஸ்டாண்டில் ஒன்று தாழ்ந்திருந்தாலே ஒரு மூலை இறங்கி, பொனெட் மறு பக்கம் தூக்கும். சக்கரத்தைப் போட்டு, சமதரையில் இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி சஸ்பென்ஷனை உட்காரவிட்டுப் பிறகு அளந்து பாருங்கள். பூட்டும்போதும் ஒரு ஆணியையும் முதலிலேயே இறுக்காதீர்கள். மூக்கு, பொனெட், மட்கார்ட் எல்லாம் தளர்வாகத் தொங்கட்டும். கண்ணுக்குச் சரியாக வந்த பிறகு நடுவிலிருந்து வெளியே இறுக்கிக்கொண்டு போங்கள்.

பதில் (கொட்டாஞ்சேனை)

அண்ணா சொன்னது பொனெட்டுக்குச் சரி. மட்கார்ட் கதை வேறாக இருக்கலாம். ஒன்பது மாதமும் அதை எங்கே வைத்திருந்தீர்கள்? சுவரில் சாய்த்து, மேலே தகரக் கூரை என்றால் ஃபைபர் மெதுவாக விரிந்துவிடும், எனக்கு அப்படித்தான் ஆனது. சரியான வடிவத்துக்கு இழுத்துக் கட்டி, நாலைந்து நாள் வெயிலில் வையுங்கள், பெரும்பாலும் திரும்பி வரும். பலவந்தமாக இழுத்துப் பூட்டினால் ஜெல்கோட்டில் (ஃபைபரின் வெளிப் பளபளப்புப் பூச்சு) ஆணியைச் சுற்றி நட்சத்திரம் போல வெடிப்பு விழும்.

அதற்கும் வரவில்லை என்றால் பழைய துளையை இரு பக்கமும் சரிவாகத் தேய்த்து, கண்ணாடி இழையும் ரெசினும் வைத்து அடைத்துவிட்டுப் புதுத் துளை போடுங்கள். நம் சூட்டுக்கு 100 கிராம் பாலியெஸ்டர் ரெசினுக்கு 1 கிராம் ஹார்ட்னர் போதும், கூடினால் கையிலேயே இறுகிவிடும். துளை போடும் இடத்தில் டேப் ஒட்டி, பின்னால் மரக்கட்டை பிடித்து, ட்ரில்லை மெதுவாக விடுங்கள். 6 மில்லிமீட்டர் ஆணிக்கு 8 மில்லிமீட்டர் துளை, அகலமான வாசர், நடுவில் ரப்பர். பெரிய வாசர் பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும்.

பதில் (பம்பலப்பிட்டி)

பொருந்துவதைவிட எனக்கு அலுமினியத் தகடுதான் கவலை. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால், உப்பு ஈரம் படப்பட அலுமினியம்தான் முதலில் கரையும், ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி தள்ளும். என் முதல் வண்டியின் தரைத்தகடு அப்படியே போனது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். குழாய் முழுக்கப் பிசின் நாடாவோ பாலியூரத்தேன் சீலண்டோ வைத்த பிறகே தகட்டை வையுங்கள்.

பழைய ரிவெட்டை எடுக்கும்போது நடுக்கம்பியை முதலில் தட்டி உள்ளே தள்ளுங்கள், அப்போதுதான் ட்ரில் வழுக்கித் துளையைக் கெடுக்காது. கெட்ட துளைக்கு 3.2க்குப் பதிலாக 4 மில்லிமீட்டர் ரிவெட் போடலாம். உள்ளே விழுந்த கம்பிகளைக் கொட்டி எடுங்கள், விட்டால் துருப்பிடித்துக் குழாயையும் அரிக்கும். அப்புறம், தகட்டை வெயிலில் போட்டுவிட்டு உடனே ரிவெட் அடிக்க வேண்டாம். ஒன்றரை மீட்டர் அலுமினியம் 30 பாகை சூடேறினால் 1 மில்லிமீட்டர் நீளும். காலை வேளையில், நிழலில் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்

சக்கரத்தில் இறக்கினேன். 6 மில்லிமீட்டர் 1 ஆகிவிட்டது, பின் ஸ்டாண்ட் ஒன்று தரை ஓட்டில் பதிந்திருந்தது. மட்கார்ட் கயிற்றால் கட்டி மொட்டை மாடியில் கிடக்கிறது, மூன்றாவது துளை பாதி தெரிகிறது. பக்கத் தகடுகளை இன்னும் தொடவில்லை, நாளை நாடா வாங்கப் போகிறேன். எல்லாருக்கும் மிக்க நன்றி.