மகளுக்குச் சம்பளமில்லாத அரசாங்க இன்டர்ன்ஷிப், அனுப்பலாமா?

எடிசன் அம்மா:

வணக்கம். என் பொண்ணு பாஸ்டன்ல லா ஸ்கூல் முதல் வருஷம். தேசப் பாதுகாப்புச் சட்டத்துலதான் வேலை பார்க்கணும்னு உறுதியா இருக்கா. அடுத்த கோடைக்கு வாஷிங்டன்ல ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்டோட நேஷனல் செக்யூரிட்டி டிவிஷனுக்கு வாலண்டியர் இன்டர்னா விண்ணப்பம் போடப் போறாளாம். பத்து வாரம். சம்பளம் கிடையாது, தங்குற செலவும் நம்மளுது.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு வேற பயம். இவ மன்னார்குடியில பிறந்து நாலு வயசுல இங்க வந்தவ. நாங்க சிட்டிசன் ஆனப்போ அவளுக்குப் பதிமூணு வயசு, அவளும் கூடவே ஆயிட்டா. ஆனா அப்பாயி, அத்தை, மாமா பசங்க எல்லாரும் அங்கதான். ஞாயித்துக்கிழமை தவறாம வாட்ஸாப்ல பேசுவா. இந்தியாவுக்கு விசா இல்லாம போய் வர்ற ஓசிஐ கார்டும் இருக்கு. பின்னணி விசாரணையில இதெல்லாம் தோண்டுவாங்களாம். ஊர்ச் சொந்தத்தாலேயே பிள்ளையை வேண்டாம்னு சொல்லிட்டா, காலத்துக்கும் அவ பேர்ல அது நிக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சான் ஹோசே சரவணன்:

அக்கா, லோன் வட்டி ஓடிட்டிருக்கும்போது அரசாங்கத்துக்கு இலவசமா உழைக்கிறது எனக்குச் சரியாப் படல. வசதியான வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். என் தம்பி முதல் கோடையில ஒரு கம்பெனி லீகல் டிபார்ட்மென்ட்ல மணிக் கூலிக்கு வேலை பார்த்தான். ரெஸ்யூமேவும் ஆச்சு, வாடகையும் ஆச்சு.

பொட்டோமாக் கரை:

அக்கா, நான் ரெண்டு கோடை இப்படி வாலண்டியரா இருந்தவ. இப்போ வக்கீல்.

சரவணன் சொல்றது எனக்கும் வலிச்ச விஷயம்தான். பொதுவா மத்திய அரசு யார்கிட்டயும் இலவச உழைப்பை வாங்கக் கூடாதுன்னு இங்க சட்டமே இருக்கு. மாணவர்களுக்கு மட்டும் அதுல ஒரு விலக்கு. அந்த வழியிலதான் இந்த இன்டர்ன்ஷிப் நடக்குது, அதனாலதான் படிச்சுக்கிட்டு இருக்கணும்னு கேக்குறாங்க. பல லா ஸ்கூல்ல பொதுநல வேலைக்குக் கோடை உதவித்தொகை தர்றாங்க. கடைசித் தேதியை இப்பவே கேட்டு வைக்கச் சொல்லுங்க. ஒண்ணுல மட்டும் கவனம்: இந்த வேலையைப் படிப்புக் கணக்குல சேர்த்து கோடையில கிரெடிட் எடுத்தா, அந்தக் கிரெடிட்டுக்கு காலேஜுக்கு ஃபீஸ் கட்டணும். சம்பளமில்லாத வேலைக்கு நாமளே காசு கட்டின மாதிரி ஆயிடும். கிரெடிட் வேண்டாம், உதவித்தொகை போதும்னு முடிவு பண்றது நல்லது. ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்லயே சம்பளத்தோட சம்மர் லா இன்டர்ன் புரோகிராம் ஒண்ணு இருக்கு. போட்டி அதிகம், பெரும்பாலும் ரெண்டாம் வருஷம் முடிக்கிறவங்களுக்கு. அதையும் மனசுல வெச்சுக்கட்டும்.

இப்போ உங்க பயத்துக்கு வர்றேன். பின்னணி விசாரணைக்கு எஸ்.எஃப்-86னு ஒரு படிவம் தருவாங்க, நூறு பக்கத்துக்கு மேல. அம்மா, அப்பா, கூடப் பிறந்தவங்க ஒரு பகுதியில. அப்பாயி, அத்தை மாதிரி வெளிநாட்டுல இருந்து நெருக்கமாப் பழகுறவங்களுக்குத் தனிப் பகுதி. பேர், பிறந்த தேதி, முகவரி, என்ன வேலை, எப்படிப் பேசுறீங்க, எவ்வளவு நாளைக்கு ஒருதரம், எல்லாம் கேக்கும். முதல் தொடர்பு எந்தத் தேதின்னும் கேக்கும். என் பாட்டிக்கு நான் பிறந்த தேதியைத்தான் எழுதினேன். எழுதிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

உங்க பொண்ணு நாலு வயசுல வந்த இந்திய பாஸ்போர்ட்டும் அதுல வரணும், காலாவதி ஆனாலும் சரி. நம்பருக்குப் பழைய ஜெராக்ஸைத் தேடி வையுங்க. ஓசிஐ குடியுரிமை இல்லை, விசா மாதிரிதான். இருந்தாலும் குறிப்புப் பெட்டியில ஒரு வரி எழுதிடட்டும். ஏழு வருஷ ஊர்ப் பயணம் ஒவ்வொண்ணும், அவ யாருக்காவது பணம் அனுப்பியிருந்தா அதுவும், ஊர்ல அவ பேருக்கு வரப்போற வீடு இருந்தா அதுவும் எழுதணும்.

ஊர்ல சொந்தம் இருக்குறதே தடை இல்லக்கா. கிளியரன்ஸ், அதாவது ரகசியத் தகவலைப் பார்க்க அனுமதி, தரலாமான்னு பார்க்க 2017ல வந்த விதிப்படி 13 அளவுகோல் இருக்கு, வெளிநாட்டுத் தொடர்பு அதுல ஒண்ணு. அந்த உறவை வெச்சு யாராவது இவளை நெருக்க முடியுமான்னுதான் பார்ப்பாங்க. மறைச்சாத்தான் வினை. பொய் சொன்னா அது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம், அஞ்சு வருஷம் வரைக்கும் சிறை. இன்னொண்ணு, அம்மாவா நீங்களே நேரா கேளுங்க: கஞ்சா. மாசசூசெட்ஸ்ல சட்டப்படி சரின்னாலும் மத்திய அரசுக்குச் சரி இல்லை. சோதனை உண்டு.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். டிசம்பர்ல ஒரு அலுவலகம் ஆஃபர் தந்தது. ஜனவரியில படிவம் அனுப்பினேன். மே கடைசி வரைக்கும் கிளியரன்ஸ் வரல. "இனி இந்தக் கோடைக்கு ஆகாது"ன்னு நாலு வரி மெயில். அட்வான்ஸ் கொடுத்த ரூம் 900 டாலரோட போச்சு. அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட போன்ல அழுதேன். ஆனா விசாரணை முடியாம நின்னது வேற, மறுத்தது வேற. அடுத்த தடவை எனக்கு அது தடையா வரவே இல்லை.

அந்தக் கோடையில ஒரு மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகத்துல இடம் கிடைச்சது. அங்க சின்ன விசாரணைதான், மூணு வாரத்துல முடிஞ்சது. உங்க பொண்ணும் ஒரே இடத்தை நம்பாம இப்படி ஒண்ணு ரெண்டுக்குப் போடட்டும். என்னைக் கேட்டா முதல் கோடைக்கு அதுதான் மேல். கோர்ட்ல உக்காரலாம், எழுதினதை அன்னிக்கே திருத்தித் தருவாங்க. பயங்கரவாத அமைப்புக்குப் 'பொருள் உதவி' பண்றதைத் தடுக்குற சட்டத்துல எதெல்லாம் 'சேவை'ன்னு கணக்காகும்னு ஒரு மெமோ கேட்டாங்க. அதுக்கு அடிப்படை 2010 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 6க்கு 3, அரசாங்கத்துக்குச் சாதகமா. எடுத்துப் படிக்கிறேன், வழக்குப் போட்டவங்கள்ல அமெரிக்கத் தமிழ் அமைப்புகள் இருக்கு. புலிகளுக்குச் சுனாமி நிவாரணம் கேக்கச் சொல்லித் தர்றது, சமாதானப் பேச்சுக்கு உதவுறது குற்றமாகுமான்னு கேட்டிருக்காங்க. அந்த அறையில அதைத் தமிழச்சியாப் படிச்சது நான் ஒருத்திதான். சட்டம் என்ன சொல்லுதோ அதைத்தான் மெமோவுல எழுதினேன். ஆனா வழக்கோட நடந்த விவரம் சொல்ற பகுதியில அந்த மக்கள் என்ன செய்யக் கேட்டாங்கன்னு ஒண்ணு விடாம எழுதினேன். திருத்தினவர் அந்தப் பத்தியை வெட்டல. அதுக்காகத்தான் உங்க பொண்ணு போகணும்னு சொல்றேன் அக்கா.

சாவகச்சேரியான்:

தங்கச்சி, உங்கட கடைசிப் பந்தியை ரெண்டு தரம் வாசிச்சன். அந்த வழக்கு 1998இல தொடங்கினது, நாங்கள் கூட்டம் வைச்சு ஒவ்வொரு கட்டமாப் பார்த்தனாங்கள். என்ர மகனும் சட்டம் படிக்கிறான், இப்பிடி ஒரு இடத்துக்குப் போக ஆசை. எனக்குத்தான் தயக்கம். சுனாமி நேரம் எல்லாரும் தமிழர் புனர்வாழ்வுக் கழகத்துக்குக் காசு குடுத்தம். 2007 நவம்பரில அமெரிக்கக் கருவூலத்துறை அது புலிகளின்ர முன்னணி எண்டு சொல்லி அதின்ர சொத்துகளை முடக்கினது. நான் குடுத்தது அவன்ர படிவத்தில வருமோ? என்னால பிள்ளையின்ர வழி அடைபடக் கூடாது.

பொட்டோமாக் கரை:

அண்ணா, அமைப்புகள் பத்தின பகுதி உங்க மகன்கிட்ட கேக்குறது அவர் என்ன செஞ்சார்னுதான். அவர் தெரிஞ்ச உண்மையை எழுதினா போதும். உங்க பக்கத்தை ஒரு வக்கீல்கிட்ட தனியா உக்காந்து பேசுங்க. பொது இடத்துல இதுக்கு மேல எழுதாதீங்க, தயவுசெஞ்சு. மகனை விண்ணப்பம் போட விடுங்க.

எடிசன் அம்மா:

தங்கச்சி, மனசு லேசாச்சு. நேத்தே பொண்ணு அப்பாயிக்குப் போன் போட்டுப் பிறந்த தேதி கேட்டா. "மார்கழி, வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள், வருஷம் எங்க ஆத்தாளுக்குத்தான் தெரியும்"னாங்க. ஆதார்ல 1.1.1946னு போட்டிருக்கு. எதை எழுதுறது?

பொட்டோமாக் கரை:

ஆதார்ல இருக்கிறதையே எழுதி, தேதிக்குப் பக்கத்துல உத்தேசம்னு ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் பண்ணச் சொல்லுங்க. மார்கழி விவரத்தைக் குறிப்புப் பெட்டியில எழுதட்டும். எனக்கு வந்த விசாரணை அதிகாரி அதையும் பொறுமையாக் கேட்டு எழுதிக்கிட்டார்.