கம்ப்யூட்டர் மூட்டும் கண்ணிவெடியில் காலிழந்த முன்னாள் படைவீரரும்: மோல்மேன் அனுபவம்

மியான்மரின் (பர்மா) மோல்மேன் நகரில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இளவயதில் பர்மிய இராணுவத்தில் சேர்ந்து, கயின் மாநிலத்தில் கண்ணிவெடியை மிதித்து, இடது காலை முழங்காலுக்கு மேலே இழந்தவர். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவருடைய தங்கை மகன் ஊருக்கு வந்திருந்தபோது, "மாமா, கம்ப்யூட்டர் வைத்த கால் வந்திருக்கிறது, என்ன விலையானாலும் நான் வாங்கித் தருகிறேன்" என்று பிடிவாதமாக நின்றார். பெரியவர் உடனே சம்மதிக்கவில்லை. கயின் மாநிலத் தலைநகரான பா-அன் நகரில் செயற்கைக் கால் செய்து தரும் மறுவாழ்வு மையத்தில் விசாரித்துவிட்டுச் சொல்வதாகக் கூறி, என்னையும் துணைக்கு அழைத்துச் சென்றார்.

மியான்மர் செஞ்சிலுவைச் சங்கமும் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவும் சேர்ந்து 2003இல் தொடங்கிய மையம் அது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் கண்ணிவெடிகளாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் இறந்தோரும் காயமுற்றோருமாக 1,003 பேர் பதிவாகினர். அவ்வாண்டு உலகிலேயே மிக அதிகமான எண்ணிக்கை அதுதான்.

அங்கே கால் செய்து தரும் சயா (பர்மிய மொழியில் ஆசான்) முதலில் கம்ப்யூட்டர் வைத்த முழங்கால் மூட்டைப் பற்றிப் பேசவே இல்லை. பெரியவரின் பழைய செயற்கைக் காலைக் கழற்றச் சொல்லி, தொடை இடுக்கில் தோல் உரிந்து கறுத்திருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். எஞ்சிய தொடை ஆண்டுக்காண்டு மெலிந்துகொண்டே வந்ததால், கிழிந்த கைலித் துணியை மடித்து உள்ளே திணித்துத்தான் பெரியவர் இத்தனை காலம் நடந்திருக்கிறார். அந்தக் காலைக் கொடுத்தவர்கள் அதன்பின் ஒருமுறைகூட அவரை அழைத்துப் பார்க்கவில்லை என்பதை அறிந்தபோது எனக்கு மிகுந்த வருத்தமும் கோபமும் உண்டாயின.

தொடையைத் தாங்கும் கிண்ணம் போன்ற சாக்கெட் சரியாக அமையாவிட்டால் அதன் கீழே எவ்வளவு விலையுயர்ந்த மூட்டைப் பொருத்தினாலும் பயனில்லை என்று சயா பொறுமையாக விளக்கினார். எலும்பு துருத்தும் இடங்களைப் பென்சிலால் குறித்து, ஈரமான பிளாஸ்டர் துணியைச் சுற்றி, அது இறுகியதும் கழற்றி அச்செடுத்தார். அடுப்பில் சூடேறிய பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக் தகடு கண்ணாடி போலத் தெளிந்ததும், இருவர் அதைத் தூக்கிவந்து அச்சின்மீது போர்த்தி, உள்ளிருந்த காற்றை உறிஞ்சியெடுத்தனர்.

கம்ப்யூட்டர் மூட்டை நான் குறைத்துப் பேசவில்லை. ஜெர்மனியின் ஓட்டோபாக் நிறுவனம் 1997இல் அறிமுகம் செய்த சி-லெக் போன்றவற்றில், உணரிகள் கால் மடங்கும் கோணத்தையும் அதன்மீது இறங்கும் எடையையும் ஓயாமல் அளந்துகொண்டிருக்க, அதற்கேற்ப நுண்செயலி மூட்டிலுள்ள எண்ணெயின் எதிர்ப்பைக் கூட்டியும் குறைத்தும் கொடுப்பதால், இடறும்போது மூட்டு திடீரென்று மடங்கி ஆளைக் கீழே தள்ளும் வாய்ப்பு குறைகிறது. ஆனால் அதற்கு நாள்தோறும் சார்ஜ் ஏற்ற வேண்டும். எங்கள் ஊரில் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழுதானால் எங்கே கொண்டுபோவீர்கள் என்று சயா கேட்டதற்கு மருமகனிடமும் பதில் இல்லை.

வசதி படைத்த நாடுகளிலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. இங்கிலாந்தில், கடற்படை மருத்துவராக இருந்து நாடாளுமன்ற உறுப்பினரான ஆண்ட்ரூ முரிசன் 2011இல் அளித்த அறிக்கை, படையில் இருக்கும்வரை உயர்தர மூட்டைப் பெறும் வீரருக்குப் படையை விட்டபின் பொது மருத்துவமனையில் அதே தரமான பராமரிப்பு கிடைக்குமா என்ற கவலையை முன்வைத்தது. 2013இல் அந்நாட்டு அரசு ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் காலிழந்தோருக்கு, ஓட்டோபாக்கின் மற்றொரு கம்ப்யூட்டர் மூட்டான ஜீனியம் மூட்டுகள் வழங்க 65 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. மூட்டோடு அதைப் பேணும் ஏற்பாட்டையும் சேர்த்துக் கொடுப்பதையே நான் உண்மையான உதவி என்பேன். நம்மவருக்கு எளிய கால் போதும் என்று சொல்வோரை என்னால் ஏற்க முடியாது. நாட்டுக்காகக் காலிழந்தவர் எந்த நாட்டவரானாலும் அவருக்கு நல்ல மூட்டு கிடைக்கத்தான் வேண்டும்.

இப்போதைக்குப் பெரியவருக்குப் புதிய சாக்கெட்டும், பூட்டு வைத்த எளிய மூட்டும் பொருத்தியிருக்கிறார்கள். உட்காரும்போது அந்தப் பூட்டை இழுத்து விடுவிக்க வேண்டும். அதற்காக நாலுபேர் முன்னால் கைலியைத் தூக்க நேர்கிறதே என்று அவர் கூச்சத்துடன் சொன்னதும், சயா கயிற்றை நீட்டி இடுப்பருகே கொண்டுவந்து, துணிக்கு மேலிருந்தே இழுக்கும்படி செய்து கொடுத்தார். காளியம்மன் கோயிலுக்கு இப்போது தாங்குகட்டை இல்லாமல் போய்வருகிறார். மருமகனோ, யாங்கோனில் பழுதுபார்க்க ஆள் உண்டா, பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும் என்று விற்பனையாளருக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் வந்தபின் மூட்டு வாங்குவது பற்றி முடிவெடுக்கலாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள்.