காலையில் மட்டும் பிரேக் பிடிக்கவில்லை, கார் வழுக்குகிறது: என்ன கோளாறு? (கேத்தி பாலாடா)

பாலாடாவுக்குப் புதுசு:
வணக்கம். ஈரோட்டுக்காரன். மாற்றலில் ஊட்டிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, வீடு கேத்தி பாலாடாவில். காலை ஆறரைக்கு வேலையில் இருக்க வேண்டும், அதனால் இருட்டோடு கிளம்புவேன்.

நேற்று முன்தினம் ஒரு இறக்க வளைவில் பிரேக்கை மிதித்தேன். மிதி காலுக்கடியில் தடதடவென்று உதைத்தது. கரகரவென்று ஒரு சத்தம். கார் நிற்காமல் அப்படியே நழுவியது. வேகம் முப்பதுக்கு மேல் இருக்காது. பயந்துபோய்க் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தேன். கடைசியில் ஓரத்து மண்ணில் ஏறித்தான் நின்றது. மதியம் அதே இடத்தில் மிதித்தால் கச்சிதமாக நிற்கிறது! மெக்கானிக் பிரேக் ஆயில், பேடு எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். அன்று மழை இல்லை, மூட்டமும் இல்லை, வானம் சுத்தமாக இருந்தது.

காந்தல் டாக்ஸி:
வண்டியில் கோளாறு இல்லை சார். வானம் சுத்தமாக இருந்தது என்கிறீர்களே, கோளாறு அங்கேதான். ராத்திரி மேகம் இருந்தால் தரைக்குக் கம்பளி போர்த்திய மாதிரி. மேகமும் இல்லை, காற்றும் அசையவில்லை என்றால் தரைச்சூடு எல்லாம் மேலே போய் உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டு வீட்டுக்காரர் 'இன்று பனியே இல்லையே' என்பார், கீழே பாலாடாவில் புல்லெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி இருக்கும். தலைகுந்தாவிலும் இதே கதைதான்.

ஆனால் காய்ந்த ரோட்டில் இப்படி வழுக்காது. தண்ணீர் இருந்திருக்க வேண்டும். விடியுமுன் அந்த வழியாகக் கேரட் லாரி போகுமா?

பாலாடாவுக்குப் புதுசு:
போகும். மூன்று, நாலு மணிக்கே சத்தம் கேட்கும்.

காந்தல் டாக்ஸி:
கழுவின கேரட் மூட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற வழியெல்லாம் சொட்டும். வளைவில் லாரி சாயும்போது கொஞ்சம் கூடுதலாகவே கொட்டும். அது கண்ணாடித்தாள் கனத்தில் உறைந்தால் அடியில் தார் கருப்பாகவே தெரியும், வெறும் ஈரம் என்று நினைத்துவிடுவோம். டேஷ்போர்டில் 3 டிகிரி காட்டினால் பூஜ்யம் இல்லையே என்று நம்பாதீர்கள். அது பம்பர் உயரத்துக் காற்றின் சூடு, ரோடு அதைவிடக் குளிர்ந்திருக்கும்.

வெலிங்டன் ஹவில்தார் (ஓய்வு):
தம்பி, மிதி உதைத்தது ஏபிஎஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டு விட்டுப் பிடிக்கிறது, அந்த அதிர்வுதான் காலுக்கு வரும். நீ காலை எடுத்ததுதான் தப்பு. அழுத்தினபடியே வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் போக வேண்டிய பக்கம் மெதுவாகத் திருப்பு. ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டிக்குத்தான் விட்டு விட்டு மிதிக்கிற வேலை. அதுகூடப் பனிக்கட்டி மேல் அதிசயம் ஒன்றும் செய்யாது. அங்கே எந்த பிரேக்குக்கும் பிடிக்க ஒன்றும் இல்லை.

ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்னால், நேர் ரோட்டிலேயே குறைத்துவிடு. இரண்டாம் கியரில் இறங்கு. வளைவுக்குள் பிரேக்கும் வேண்டாம், ஆக்சிலரேட்டரும் வேண்டாம். கிளட்ச்சை மிதித்து உருட்டவே உருட்டாதே. லடாக்கில் டயருக்குச் சங்கிலி கட்டி ஓட்டியிருக்கிறேன், இங்கே அது தேவைப்படாது. வெறும் தாரில் சங்கிலி கட்டினால் ரோடும் போகும், டயரும் போகும்.

கோத்தகிரி பையன்:
டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுங்க அண்ணா, நல்லா பிடிக்கும்.

பௌதிக வாத்தியார்:
வேண்டாம் தம்பி, அது மணலுக்குச் சொல்கிற வைத்தியம். குளிரில் காற்றழுத்தம் தானாகவே குறையும், ஐந்தாறு டிகிரிக்கு சுமார் 1 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அளவு). ஈரோட்டில் 32 டிகிரியில் அடித்த டயர் இங்கே 2 டிகிரியில் ஐந்து வரை இறங்கும். இதில் ஒரு வேடிக்கை, ஊட்டி 2,240 மீட்டர் உயரம் என்பதால் வெளிக்காற்றின் அழுத்தமும் மூன்று, மூன்றரை குறைந்திருக்கும். அவ்வளவையும் கேஜ் கூட்டிக் காட்டும். ஒன்று குறைக்க ஒன்று கூட்ட, மண்டை காய்ந்துவிடும். கணக்கை விட்டுவிட்டு, டயர் சூடாகுமுன் இங்கேயே ஒரு பெட்ரோல் பங்கில், கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கிற அளவுக்கு அடித்துவிடுங்கள்.

குன்னூரிலிருந்து மாண்ட்ரியல்:
இங்கே கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். சாதாரண டயர் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்க ஆரம்பிக்கும், அதனால்தான். ஊட்டிக்கு அதை வாங்காதீர்கள், மதிய வெயிலில் சீக்கிரம் தேய்ந்துவிடும். முன்கண்ணாடியில் உறைந்த பனிக்கு வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். ராத்திரியே அட்டை வைத்து மூடிவிடலாம்.

எமரால்டு:
ஸ்கூட்டிக்கு என்ன செய்வது?

காந்தல் டாக்ஸி:
வெயில் வருகிறவரை வெளியே எடுக்காதீர்கள் மேடம். இதற்கு வேறு பதில் இல்லை.

பாலாடாவுக்குப் புதுசு:
இன்று ஐந்தரைக்கு டார்ச்சோடு அந்த வளைவுக்கு நடந்தே போனேன். கேரட் லாரி மட்டும் காரணம் இல்லை. மேட்டுத் தோட்டத்துக் குழாய் இணைப்பில் கசிவு, ரோட்டின் குறுக்கே இரண்டடி அகலத்துக்கு ஓடி உறைந்திருக்கிறது. காலை வைத்ததும் செருப்பு வழுக்கியது. தோட்டக்காரர் வருத்தப்பட்டு, ட்யூப் ரப்பர் சுற்றி இறுக்கிக் கட்டினார். காரை இரண்டாம் கியரிலேயே இறக்கினேன், மிதி உதைக்கவில்லை. பின்னால் வந்த ஜீப்காரர்தான் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்.

வெலிங்டன் ஹவில்தார் (ஓய்வு):
அடிக்கட்டும். ஒதுங்கி அவரை முன்னால் விடு. அப்புறம் தம்பி, அந்த வளைவு கிழக்குப் பார்த்ததா, மேற்கா? மேற்கு என்றால் ஒன்பது மணி வரைகூட வெயில் படாது. விடுமுறை நாளில் தாமதமாகக் கிளம்பினாலும் அங்கே இரண்டாம் கியர்தான்.