யுரேனியம்-235 பிளவு: இரண்டு பக்கமும் 236 என்றால் ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

கேள்வி (மேலூர்):
வணக்கம். சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தருகிறேன். அணுக்கரு இயற்பியலில் ஒரு இடத்தில் நிற்கிறோம். யுரேனியம்-235 ஒரு நியூட்ரானை வாங்கிக்கொண்டு பேரியம்-141, கிரிப்டான்-92, கூடவே மூன்று நியூட்ரான் என்று பிளக்கிறது. இடது பக்கம் 235 + 1, வலது பக்கம் 141 + 92 + 3, இரண்டும் 236. புரோட்டானும் 92 = 56 + 36, சரியாக வருகிறது. அப்புறம் எது குறைந்து ஆற்றலாக மாறியது என்று ஒரு பிள்ளை கேட்கிறாள். மழுப்பி அனுப்ப மனசில்லை, யாராவது விளக்குங்கள்.

பதில் (திருமங்கலம்):
டீச்சர், அருமையான கேள்வி, அந்தப் பிள்ளையைக் கட்டாயம் பாராட்டுங்கள். 235 என்பது புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்து எத்தனை என்ற எண்ணிக்கைதான், அது மாறாது. நிறையைத் தனியாகக் கூட்ட வேண்டும். அணு நிறை அலகில் யுரேனியம்-235 என்பது 235.0439, நியூட்ரான் 1.0087, ஆக 236.0526. வலது பக்கம் பேரியம் 140.9144, கிரிப்டான் 91.9262, மூன்று நியூட்ரானுக்கு 3.0260, மொத்தம் 235.8666. குறைவது 0.186. ஓர் அலகுக்கு சுமார் 931 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்று பெருக்கினால் 173 வரும்.

ஏன் குறைகிறது என்று அடுத்துக் கேட்பாள். யுரேனியத்தில் ஒரு துகளுக்குப் பிணைப்பாற்றல் (அணுக்கருவைத் தனித்தனித் துகள்களாகப் பிரிக்கத் தேவையான ஆற்றல்) சுமார் 7.6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், நடுத்தர அளவு அணுக்கருக்களில் 8.5 அளவில். அதாவது பிளந்த பிறகு துகள்கள் இன்னும் இறுக்கமாகக் கட்டுண்டு கிடக்கின்றன, அப்படி இறுகும்போது வெளியே போகும் ஆற்றலின் அளவுக்கு நிறை குறைகிறது.

மேலூர்:
ரொம்ப நன்றி சார். ஆனால் ஒரு பிளவுக்கு 200 என்றுதானே எல்லா இடத்திலும் போடுகிறார்கள்?

பதில் (பெரியகுளம்):
173 பிளந்த உடனே வருவது. பேரியம்-141, கிரிப்டான்-92 இரண்டுமே நிலையற்றவை. பேரியம் லாந்தனம், சீரியம் வழியாகப் பிரசியோடைமியம்-141 ஆகும், கிரிப்டான் கடைசியில் சிர்கோனியம்-92 ஆகும். ஒவ்வொரு படியிலும் பீட்டா சிதைவு, அதாவது ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி ஓர் எலக்ட்ரானையும் ஓர் எதிர்நியூட்ரினோவையும் வெளியேற்றுகிறது (அந்த எலக்ட்ரான் முன்பே அணுக்கருவுக்குள் இருந்ததல்ல, மாறும்போதுதான் உண்டாகிறது, இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்). இந்த ஆற்றலையும் சேர்த்தால் 200ஐ நெருங்கும். கூடங்குளம் மாதிரி உலையை நிறுத்தின பிறகும் தண்ணீர் விட்டுக் குளிர்வித்துக்கொண்டே இருப்பது இந்தச் சிதைவு வெப்பத்துக்காகத்தான்.

இன்னொன்று, எப்போதும் பேரியமும் கிரிப்டானுமாகவே பிளக்கும் என்று மனப்பாடம் செய்யவிடாதீர்கள். செனான்-140, ஸ்ட்ரான்சியம்-94 என்றும் பிளக்கும். அதில் எத்தனை நியூட்ரான் வெளியே வரும் என்று அந்தப் பிள்ளையையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.