பாட்டு வீடியோவில் வரிகள் பிழையாக வருது: எங்க இருந்து திருத்தத் தொடங்கிறது?

உப்புவெளி எடிற்றர்:
ஆடிப்பூரத்துக்கு அம்மன் பாட்டு ஒண்டுக்கு வரி வீடியோ செய்யிறம். வரிகள் பாமினி எண்ட பழைய (யுனிகோட் இல்லாத) எழுத்துருவில தட்டின வேர்ட் கோப்பா வந்தது. யுனிகோட்டுக்கு மாற்றி பிரீமியர் எண்ட வீடியோ எடிட்டிங் மென்பொருளில ஒட்டினா, கொம்பு எல்லாம் எழுத்துக்குப் பின்னால போய் நிக்குது. ‘கௌரி’ கண்ணுக்குத் தெரியுது, ஆனா தேடினா அகப்படுதில்ல. ‘உன்னை தேடி’, ‘உன்னைத் தேடி’ எது சரி? தலைப்பில திருகோணமலையா, திருக்கோணமலையா?

கோட்டைவாசல்:
கொம்பு இடம் மாறுறது எழுத்துப்பிழை இல்ல, மென்பொருள் அமைப்பு. பிரீமியர்ல பிரிபரன்சஸ், கிராபிக்ஸ் எண்ட பகுதிக்குப் போய் ‘சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ தெரிவு செய்யுங்க. பிறகு பழைய லேயரோட மல்லுக்கட்டாம, புது லேயர் போட்டு வரியைத் திரும்ப ஒட்டுங்க. அனிமேஷன் மென்பொருளான ஆப்டர் எபெக்ட்ஸின்ர பழைய பதிப்புகளில இதே தெரிவு ‘டைப்’ பகுதியில இருந்தது.

ஒவ்வொரு எழுத்தா வரப்பண்ணுற அனிமேஷனைத் தமிழுக்குப் போடாதீங்க. ‘கோ’வை அது துண்டாக்கி, கொம்பு முதல்ல, க பிறகு, கால் கடைசியில எண்டு காட்டும். ஆப்டர் எபெக்ட்ஸ்ல ‘பேஸ்ட் ஒன்’ (Based On) எண்ட இடத்தில கரக்டர்ஸை வேர்ட்ஸ் ஆக்குங்க. பாடப்பாட நிறம் மாறவேணுமெண்டால் வரிக்கு மேல மாஸ்க் வைச்சு இடமிருந்து வலமா இழுங்க.

கௌரி கிடைக்காததுக்குக் காரணம் பாமினி. அதில ஔகாரத்துக்குக் கொம்பையும் ‘ள’வையும்தான் தட்டுறது. யுனிகோட் மாற்றி சில நேரம் அதை அப்பிடியே கெ + ள எண்டு விட்டிடும். ‘கெள’, ‘பெள’, ‘மெள’, ‘ஒள’ நாலையும் தேடி, ஒவ்வொண்டாப் பார்த்து மாற்றுங்க. மொத்தமா மாற்றினா ‘ஒளி’, ‘ஒளிந்து’ எல்லாம் கெட்டுப்போகும். கோயில் சிறப்பு மலரை ஸ்கேன் பண்ணி எடுத்த வரியெண்டால் ‘ா’ இருக்கவேண்டிய இடத்தில ‘ர’ நிக்குதா எண்டும் பாருங்க.

எழுத்தைச் சுற்றி தடிச்ச கரை போட்டா புள்ளி அடைபட்டுப் போகும். ‘கண்’ பார்க்க ‘கண’ மாதிரி இருக்கும். 1080 அளவு வீடியோவுக்கு 3, 4 பிக்சல் காணும். பெரிய திரையில பார்க்காம போன்ல பாருங்க.

மூக்குக்கண்ணாடி:
பொறி செய்த பிழை போன பிறகு, காது செய்யிற பிழை. பாட்டைக் கேட்டுத் தட்டினவர் கரை/கறை, மனம்/மணம், பனி/பணி, விழி/விளி, இரங்கு/இறங்கு இதுகளிலதான் தடுக்குவார். ‘அம்மா இரங்கு’ எண்டால் மனமிரங்கு. ‘இறங்கு’ எண்டால் தேரால இறங்கு. பிழை திருத்தி இதைப் பிடிக்காது, ரெண்டும் சரியான சொல். வரி எழுதினவரிட்டயே கேட்கவேணும்.

ஒற்றுக்குப் பாட்டில அடிக்கடி வாற இடங்கள் இவ்வளவுதான்: அந்த, இந்த, எந்த (அந்தக் கரை), ஐ உருபு (உன்னைத் தேடி), கு உருபு (எனக்குத் தா), ‘பாடக் கேட்டேன்’, ‘பார்த்துச் சிரித்தாள்’ போல வினையெச்சம். ஆனா ‘வந்து போனாள்’ல வராது. ‘வந்த காற்று’, ‘அலை பாடும்’ இதுகளுக்கும் வேண்டாம். ‘கடலை தேடி வந்தேன்’ எண்டு போட்டா, கடற்கரையில அவிச்ச கடலை தேடி வந்த ஆளாகிடுவார். இணையத்தில இருக்கிற பிழை திருத்திகளில ‘நாவி’ சந்திப்பிழையைக் காட்டும், ‘வாணி’ எழுத்துப்பிழையைக் காட்டும். ஆனா ரெண்டும் சொல்றதையெல்லாம் ஏற்கவேண்டாம். ‘வாறன்’, ‘போறன்’ எண்டு பாடினா அப்பிடியே போடுங்க. பாடகர் ‘வாறன்’ எண்டு பாட, திரையில ‘வரேன்’ எண்டு ஓடுறதுதான் பிழை. தேவார வரி வந்தால் அச்சுப் பதிப்பைப் பார்த்துப் போடுங்க. சம்பந்தர் பதிகத்தில ‘கோணமாமலை’. அதில கை வைக்காதீங்க.

ஊர்ப்பெயர் ரெண்டு விதமும் வழக்கில இருக்கு. பலகைகளில ‘திருகோணமலை’. பக்திப்பாட்டுக்கு எனக்குப் பிடிச்சது ‘திருக்கோணமலை’. எதைப் போட்டாலும் முழு வீடியோவிலயும் விவரக்குறிப்பிலயும் ஒண்டையே போடுங்க.

உப்புவெளி எடிற்றர்:
கொம்பு சரியாயிட்டு, நன்றி அண்ணா. ‘உன்னைத்’ ஒரு திரையிலயும் ‘தேடி’ அடுத்த திரையிலயும் வருது. அந்த ‘த்’ தொங்கிக்கொண்டு நிக்குதே?

மூக்குக்கண்ணாடி:
ஒரே திரையில ரெண்டு வரியெண்டால் ஒற்று இருக்கட்டும். இடையில வாத்தியம் ஓடி, பிறகுதான் ‘தேடி’ வருதெண்டால் எடுத்துவிடலாம். சேர்ந்து ஒலிக்காத இடத்தில சந்தி என்னத்துக்கு?

கோட்டைவாசல்:
எனக்கு அது சரியாப் படேல்ல. எடுத்தா, பிழையெண்டு நாலுபேர் கமெண்ட் போடுவினம். வெட்டுற இடத்தை மாற்றி ‘உன்னைத் தேடி’யை ஒரே திரையில வைங்க, பிரச்சினையே வராது.

இன்னுமொண்டு. ஏத்தின வீடியோவை யூரியூப்ல அதே இணைப்பில மாற்ற ஏலாது. வெட்டலாம், மங்கலாக்கலாம், ஆனா திரையில வாற எழுத்தைத் திருத்த ஏலாது. அதனால வரிகளைத் தனி எஸ்ஆர்டி வசனக்கோப்பாவும் ஏத்திவைங்க, பிறகு பிழை கண்டால் அதையாவது திருத்தலாம். நோட்பேட்ல சேமிக்கிறபோது யூடிஎஃப்-8 தெரிவு செய்யுங்க. ஆன்சி எண்டு விட்டால் முழுக்கக் கேள்விக்குறிதான் வரும்.